‘எஸ்’ அட்டையோடு ஓடிய பிள்ளை

“டீச்சர், ஐ யெஸ்டர்டே மை அக்கா ஹவுஸ் வென்ட்.”

1991இல் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் பீரியட். முந்தின நாள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுந்து நின்று சொன்ன பதில் இது. வகுப்பு சிரித்தது. நான் அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதி, குறுக்கே பெருக்கல் குறி போட்டு, கீழே சரியான வாக்கியத்தை எழுதினேன். அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் மறுபடி ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ‘நான் நேற்று என் அக்கா வீட்டுக்குப் போனேன்.’ எழுவாய் முதலில், வினை கடைசியில், நடுவில் காலமும் இடமும். தமிழ் வாக்கியம் ஒன்றை ஒரு பிசகும் இல்லாமல் கட்டி, ஒவ்வொரு செங்கல்லாக மாற்றி வைத்திருக்கிறான். ‘கோ’ இறந்தகாலத்தில் ‘வென்ட்’ ஆகும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதது, ஆங்கிலத்தில் வினைச்சொல் கடைசி வரைக்கும் பொறுத்திருக்காது, எழுவாயை ஒட்டி வந்து நின்றுகொள்ளும் என்பது. அதைச் சொல்லித்தரத்தான் எனக்குச் சம்பளம். நான் பெருக்கல் குறி போட்டேன்.

31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தினேன். அதில் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில், நிலக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில். மல்லிகைத் தோட்டங்கள் நிறைந்த பக்கம் அது. மொக்கு விரிவதற்கு முன்னால் பறித்துச் சந்தைக்குப் போய்ச் சேர்க்க வேண்டும். அதனால் விடியுமுன்னே டார்ச் லைட்டோடு தோட்டத்தில் இறங்கி, அம்மாவோடு சேர்ந்து பறித்துவிட்டு, குளித்து, பழைய சோறோ இட்லியோ சாப்பிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். முதல் பீரியடில் வகுப்புக்குள் நுழைந்தால் அவர்கள் கைகளிலிருந்து வாசனை வரும். அந்தக் கைகள் ஆங்கில நோட்டில் கேள்வி பதிலைக் காப்பியடித்துக்கொண்டிருக்கும். ஆங்கில வார்த்தைகளுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருக்கும்.

நான் ஆங்கிலம் படித்தது வேறு மாதிரி. எங்கள் காலத்தில் மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கும். எங்கள் வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலை நோக்கி நடந்தபடியே, “ஐ ஆம் கோயிங் டு தி டோர்” என்பார். கதவில் கைவைத்து, “ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்.” பிறகு ஒரு பையனை நடக்கவிட்டு, எங்களைப் பார்த்து, “வாட் இஸ் ஹி டூயிங்?” நாங்கள் கத்துவோம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நானும் என் தங்கையும் ஆட்டைப் பார்த்தும் மாட்டைப் பார்த்தும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு போவோம். 1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளுக்கு வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கிய பாடத்திட்டம் வந்தது. அதை நடத்த ஆசிரியர்களைத் தயார்செய்வதற்காக 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் 27 ஆயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைக் குறிவைத்து ஒரு பெரிய பயிற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர்கள் அடுத்த குழுவுக்குப் பயிற்சி தருவார்கள், அவர்கள் அதற்கடுத்த குழுவுக்கு. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து போல என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர். எங்கள் வாத்தியார் அந்தப் பயிற்சிக்குப் போய்வந்தவர். அவர் எங்களுக்கு இலக்கண விதி ஒன்றுகூடச் சொன்னதில்லை. வாக்கியம் முதலில் வாய்க்கு வந்தது, காரணம் பல வருஷம் கழித்து வந்தது.

ஆனால் நான் ஆசிரியை ஆனபோது எனக்குக் கைகொடுத்தது அந்தக் கதவு அல்ல, ரென் அண்ட் மார்ட்டின். 1935இல் வந்த இலக்கணப் புத்தகம். எங்கள் தலைமுறை ஆங்கில ஆசிரியர்களுக்கு அது வேதம். ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் ஆக்கு, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஆக்கு, சிம்பிள் வாக்கியத்தை காம்பவுண்ட் ஆக்கு, காம்ப்ளெக்ஸ் ஆக்கு. பொதுத்தேர்வும் அதையே கேட்டது. நானும் நடத்தினேன். ‘ராமா கில்ட் எ ஸ்நேக்’ என்று எழுதினால் நாற்பது பிள்ளைகளும் ‘எ ஸ்நேக் வாஸ் கில்ட் பை ராமா’ என்று எழுதிக் காட்டுவார்கள். ஆப்ஜெக்டை முன்னால் கொண்டுவா, ‘வாஸ்’ போடு, வெர்பின் மூன்றாவது வடிவத்தை எழுது, ‘பை’ போடு. கணக்குப் போடுவதைப் போல. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வருஷம் ஆய்வுக்கு வந்த அதிகாரி பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பினார். இலக்கணத்தில் ஒரு மார்க் விடாமல் வாங்குகிற பிள்ளை, நான்தான் அவளை முன்பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். அவர் அன்பாகத்தான் கேட்டார்: “வாட் டிட் யூ டூ திஸ் மார்னிங்?” அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். அவர் மெதுவாக இன்னொரு முறை கேட்டார். அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அன்று காலை அவள் இரண்டு கிலோ பூப் பறித்திருந்தாள், தம்பியைக் குளிப்பாட்டியிருந்தாள், குடத்தில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தாள். சொல்வதற்கு அவளிடம் அத்தனை விஷயம் இருந்தது. பாம்பைக் கொன்ற ராமனைப் பற்றி அவளால் இரண்டு விதமாகச் சொல்ல முடியும், தன் காலைப்பொழுதைப் பற்றி ஒரு விதமாகக்கூடச் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரென் அண்ட் மார்ட்டினை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன். அது இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட புத்தகம். அந்தப் பிள்ளைகளின் வாயில் ஆங்கிலம் ஏற்கெனவே இருந்தது. தாங்கள் தினமும் பேசுவதை அவர்கள் எழுத்தில் திருப்பிப் போட்டுப் பழகினார்கள். என் பிள்ளைகளிடம் திருப்பிப் போடுவதற்கு ஒன்றும் இல்லை. இல்லாத வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வாக்கியத்தை மாற்றக் கற்றுக்கொடுப்பது வேறு, வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது வேறு. இரண்டாவது நடக்காமல் முதலாவதற்கு அர்த்தமே இல்லை என்பதில் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். பி.எட். முடித்த புதிதில், ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்பதை விரதம் போல வைத்திருந்தேன். பிள்ளைகள் பேசினால் பத்துப் பைசா அபராதம். பிள்ளைக்கு வாக்கியம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்ததே தமிழ்தான். அதைக் கதவுக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வா என்றால் அவள் எதை வைத்து உள்ளே வருவாள்?

அந்த விரதத்தை விட்டேன். பழைய மாதக் காலண்டர்களின் பின்பக்கத்தில் பெரிதாக வார்த்தைகள் எழுதி அட்டை செய்தேன். முதலில் தமிழ். ‘என் அம்மா’, ‘காலையில்’, ‘பூ’, ‘பறிக்கிறாள்’. நான்கு பிள்ளைகள் அட்டையோடு வரிசையில் நின்றார்கள். ‘பறிக்கிறாள்’ கடைசியில். இப்போது அதே நான்கு பேரும் ஆங்கில அட்டைக்கு மாற வேண்டும். ‘ப்ளக்’ என்ற அட்டையை வாங்கிய பையன் இருந்த இடத்திலேயே நின்றான். “ஏப்பா, அங்கயே நிக்காத. இங்கிலீஷ்ல ஒனக்கு எடம் அம்மா பக்கத்துல” என்றேன். அவன் வரிசையின் கடைசியிலிருந்து நடந்து வந்து இரண்டாவதாக நின்றான். அவனுக்குப் பின்னால் ‘ஃப்ளவர்ஸ்’, அதற்கும் பின்னால் ‘இன் தி மார்னிங்’. எழுவாயைத் தவிர மீதி எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல வலம் இடமாக மாறியிருந்தது. ‘காலை-யில்’ என்று நாம் பின்னால் ஒட்டுவதை ஆங்கிலத்தில் ‘இன்’ என்று முன்னால் வைக்கிறார்கள் என்பதையும் ஒரு பெண்ணே பார்த்துச் சொன்னாள். நான் விளக்கவில்லை. நடந்தவர்கள் அவர்கள். காலால் நடந்து பார்த்தது மறக்காது போலிருக்கிறது.

வகுப்பிலேயே உயரம் குறைந்த பிள்ளையின் கையில் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து அட்டை. ‘மை மதர்’ என்றால் அவள் ஓடிவந்து ‘ப்ளக்’கின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ஐ’ என்றால் கையை விட்டுவிட வேண்டும். இந்த எஸ்ஸை விடுவதுதான் நம் பிள்ளைகள் செய்கிற தவறுகளில் அதிகம் வருவது. எனக்கு அது ரொம்ப நாள் ஆச்சரியமாக இருந்தது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது என்று ஆளுக்கொரு விகுதியை மூன்று வயதிலேயே பிழையில்லாமல் போட்டவர்கள் இவர்கள். அதையே அவர்களிடம் கேட்டேன். தமிழில் எத்தனை விகுதி என்று சொல்லச் சொன்னேன், மூச்சுவிடாமல் சொன்னார்கள். “ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் விகுதிகள் நிறைய இருந்தன. உதிர்ந்து உதிர்ந்து மிச்சம் நிற்பது இந்த எஸ் ஒன்றுதான். அதையும் நாம் பிடுங்கலாமா?” என்றேன். “பாவம் டீச்சர்” என்றது ஒரு குரல். அதற்குப் பிறகு யாராவது எஸ்ஸை விட்டால் வகுப்பே “பாவம்” என்று சொல்லும்.

கேள்விக்கு வந்தோம். ‘மை மதர் இஸ் ப்ளக்கிங் ஃப்ளவர்ஸ்’ என்றால் சுலபம். ‘இஸ்’ அட்டைக்காரன் ஒரே தாவில் அம்மாவுக்கு முன்னால் போய்விடுவான், கேள்வி வந்துவிடும். ‘மை மதர் ப்ளக்ஸ் ஃப்ளவர்ஸ்’ என்பதில் தாவுவதற்கு ஆள் இல்லை. உதவிக்கு ஒருவனைக் கூப்பிட வேண்டும். அதற்காகவே வாசலோரம் ‘டூ’ அட்டையோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் வந்து முதல் இடத்தில் நிற்பான். நின்றவுடனே ‘எஸ்’ பிள்ளை ‘ப்ளக்’கின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் ‘டூ’வின் கையைப் பிடித்துக்கொள்வாள். ‘டஸ்’ ஆகிவிடும். ‘ப்ளக்’ தனியாக நிற்பான். நான் எத்தனையோ வருஷம் விதியாகச் சொல்லியும் ஏறாத விஷயத்தை அன்று பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எனக்கே விளக்கினான்: “எஸ்ஸு தான் டஸ்ஸு கூடப் போயிருச்சே டீச்சர், அப்புறம் ப்ளக்ஸுன்னு எங்கிட்டு வரும்?”

இறந்தகாலத்துக்கும் அதே ஓட்டம். காலத்தை ‘டூ’ வாங்கிக்கொண்டு ‘டிட்’ ஆனால் ‘வென்ட்’ தன் காலத்தைக் கொடுத்துவிட்டு ‘கோ’ ஆகிவிடும். ‘டிட் யூ வென்ட்’ என்பது அந்த வருஷம் வகுப்பில் பாதியாகக் குறைந்தது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் அட்டையைத் தொடாமல் விட்டால் பரீட்சைத் தாளில் மறுபடி தலைகாட்டும். அதனால் வாரம் ஒரு பீரியட் ஓட்டத்துக்கென்றே வைத்துக்கொண்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் தாங்கவில்லை என்று வருத்தப்பட்டார். மழை இல்லாத நாளில் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம்.

இந்த உதவிக்கு வருகிற சொற்கள்தான் ஆங்கில வாக்கியத்தின் அச்சாணி என்று நினைக்கிறேன். ஜன்னலைத் திறந்தது யார் என்று கேட்டால், “ஐ ஒன்லி டீச்சர்” என்பான் நம் பையன். ‘நான்தான்’ என்பதன் நேர்வடிவம். தமிழில் ஒரு ‘தான்’ போதும். ஆங்கிலத்தில் கேள்வியில் ஒளிந்திருக்கும் உதவிச்சொல்லை வெளியே எடுத்து, ஐ டிட், ஐ ஆம், ஷீ ஹேஸ் என்று இரண்டே சொல்லில் பதில் சொல்ல வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கேள்வியின் அமைப்பைக் காதால் பிடித்த பிள்ளைக்குத்தான் அந்த இரண்டு சொல் வரும். ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் நீளமான கட்டுரையைப் பார்ப்பதில்லை, இந்தச் சின்ன பதிலைத்தான் கேட்பேன்.

தமிழை உள்ளே விட்ட பிறகு கிடைத்த பெரிய புதையல் ‘இரு’. பெர்ஃபெக்ட் டென்ஸ் என்றாலே பிள்ளைகள் முகம் வாடும். ஒருநாள் கரும்பலகையில் அவர்கள் பேச்சிலேயே மூன்று வார்த்தை எழுதினேன்: வந்திருக்கேன், வந்திருந்தேன், வந்திருப்பேன். மூன்றிலும் ‘வந்து’ மாறவில்லை, மாறுவது ‘இரு’ மட்டும்தான் என்று கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் ஆங்கிலம்: ஐ ஹேவ் கம், ஐ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் கம். அங்கேயும் ‘கம்’ மாறவில்லை. நமக்கு ‘இரு’ செய்கிற வேலையை அங்கே ‘ஹேவ்’ செய்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, இஃப் போட்டு வருகிற மூன்றாவது வகை வாக்கியத்தை ஒரே பீரியடில் தாண்டினோம். ‘நீ கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேன்.’ ‘இஃப் யூ ஹேட் கால்ட் மி, ஐ வுட் ஹேவ் கம்.’ இருந்தா என்றால் ஹேட், இருப்பேன் என்றால் வுட் ஹேவ். பத்தாம் வகுப்பில் கடினம் என்று ஒதுக்கி வைக்கிற வாக்கியத்தை, கோபித்துக்கொண்ட தோழியிடம் சொல்வதைப் போலச் சொல்லிப் பார்த்தார்கள்.

இந்தப் பாலம் எல்லா இடத்திலும் தாங்காது. ‘சாப்பிட்டுட்டேன்’ என்பதில் ‘இரு’ இல்லை, ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வரும். ‘எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க’ என்பதை ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ ஆக்குவதும் இதே ‘இரு’ செய்கிற கோளாறுதான். அதனால் எங்கே தாங்கும், எங்கே உடையும் என்று இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடுவேன். முதலில் நல்லதை மட்டும் காட்டிவிட்டு உடையும் இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வருஷத்தில் பட்ட பாடு போதும்.

இன்டைரக்ட் ஸ்பீச் கதையும் இப்படியே. தமிழில் நமக்கு ‘என்று’ இருக்கிறது. ஒருவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்து வைத்து, பின்னால் ‘என்று சொன்னான்’ போட்டுவிடலாம். அதனால் ‘ஐ’ எப்படி ‘ஹி’ ஆகும், ‘டுமாரோ’ எதற்கு ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகும் என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. சொன்னதை ஏன் மாற்ற வேண்டும் என்று ஒரு பெண் கோபமாகவே கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. பிற்பாடு கடிதம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது: ‘தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்.’ ‘நான்’ இங்கே ‘தான்’ ஆகிவிட்டது. ‘நாளைக்கு’ ‘மறுநாள்’ ஆகிவிட்டது. ‘வருவேன்’ தன் விகுதியை உதறிவிட்டு ‘வருவதாக’ என்று நிற்கிறது. நம்மிடமும் இருக்கிறது, பேச்சில் ‘என்று’ முந்திக்கொள்வதால் இது பின்னால் நிற்கிறது. அடுத்த நாள் வகுப்பில் முதலில் தமிழ் ‘என்று’ வாக்கியங்களைத் தமிழ் ‘ஆக’ வாக்கியங்களாக மாற்றினோம். அரை மணி நேரம் ஆங்கிலமே இல்லை. அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்குப் போனபோது அதே பெண், “அந்த ‘வருவதாக’ தான டீச்சர் இது?” என்றாள்.

பேசிவ் வாய்ஸுக்கு ராமனையும் பாம்பையும் விட்டுவிட்டேன். வீட்டில் யாரும் ‘சோறு அம்மாவால் ஆக்கப்பட்டது’ என்று சொல்வதில்லை. செயப்பாட்டு வினையை நாம் வாயால் பேசுவதை விடப் பேப்பரில் படிப்பதுதான் அதிகம். அதனால் பேப்பரையே கொண்டுபோனேன். கைது செய்யப்பட்டார். ஒத்திவைக்கப்பட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டுள்ளது. கடைசி வரிக்குக் கைதட்டல். யார் அறிவித்தார் என்று கேட்டேன். “யாரா இருந்தா என்ன டீச்சர், லீவு விட்டாச்சுல்ல.” அந்தப் பதிலுக்குள் பேசிவ் வாய்ஸின் நியாயம் முழுக்க இருக்கிறது. செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடம், அல்லது தெரியாத இடம். அதனால் அந்த வருஷம் ‘பை’ போடுகிற வாக்கியங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ‘ஸ்கூல்ஸ் ஆர் க்ளோஸ்ட்’, ‘மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்’ என்று தொடங்கினோம். சைக்கிள் திருடு போன பையன் நிஜமாகவே வகுப்பில் இருந்தான்.

2004இல் பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தில் 30 நாள் பயிற்சிக்குப் போனேன். ஞானபாரதி வளாகம். நான்கு மாநில ஆசிரியர்கள், நான்கு மொழிக்காரர்கள், பிள்ளைகள் செய்கிற பிழைகள் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் ‘ஐ ஒன்லி’ கதையைச் சொன்னபோது எனக்கு உறவுக்காரர்களைக் கண்டது போல இருந்தது. அங்கேதான் என்.எஸ். பிரபுவின் புத்தகத்தைப் படித்தேன். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், வாக்கிய அமைப்பை வரிசைப்படுத்திச் சொல்லித்தராமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்து ஆங்கிலம் நடத்திப் பார்த்தவர். மனம் பொருளில் இருக்கும்போது அமைப்பு தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. என் வாத்தியாரின் கதவுக்கு நேர் எதிர்ப்பக்கம். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். தானாக இறங்குவதற்குச் சுற்றிலும் கொஞ்சமாவது ஆங்கிலம் காதில் விழ வேண்டும். என் பிள்ளைகளுக்கு வாரம் ஏழு பீரியடைத் தவிர ஆங்கிலம் கிடையாது. அதனால் அச்சு வேண்டும், பயிற்சி வேண்டும். ஆனால் அச்சில் வார்ப்பது அவர்கள் சொந்த விஷயமாக இருக்க வேண்டும். பிரபுவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

பெங்களூரிலிருந்து திரும்பியதும் ‘ஒரு வரி நோட்டு’ ஆரம்பித்தேன். தினம் ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். இரண்டு நிபந்தனை: உண்மையாக இருக்க வேண்டும், அந்த வாரம் பழகுகிற அமைப்பில் இருக்க வேண்டும். சிவப்பு மையைத் தூக்கிப் போட்டேன். பிழை இருந்தால் அதற்குக் கீழே சரியான வாக்கியத்தை என் கையெழுத்தில் எழுதிவிடுவேன், அவ்வளவுதான். அந்த வாரம் ‘டிட் நாட்’ பழகுகிறோம் என்றால் ‘டிட் நாட்’டை மட்டும் பார்ப்பேன், ஸ்பெல்லிங்கைப் பார்க்க மாட்டேன். ஸ்பெல்லிங்கைப் பார்க்காத டீச்சர் என்று என்மேல் குறை சொன்னவர்கள் உண்டு.

நாற்பத்தைந்து நோட்டு, நாற்பத்தைந்து வரி. சாப்பாட்டு நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். முதல் மாதம் எல்லாம் ‘ஐ டிட் நாட் ஈட்’, ‘ஐ டிட் நாட் ஸ்லீப்’. பிறகு ஒருநாள், ரொம்பப் பேசாத பையன் ஒருவனின் நோட்டில்: ‘டுடே ஃப்ளவர் ரேட் லோ. மை ஃபாதர் டிட் நாட் டாக்.’ ‘இஸ்’ விட்டுப்போயிருக்கிறது. தமிழில் ‘ரேட் கம்மி’ என்றால் போதும், அதற்கு வினைச்சொல் தேவையில்லை, அதனால் விட்டிருக்கிறான். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. கமிஷன் கடையில் காசை எண்ணி வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வருகிற ஒரு மனிதரை நான்கைந்து சொல்லில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கீழே எதையும் திருத்தி எழுத எனக்குக் கை வரவில்லை. ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவன் நோட்டில் ‘டுடே ஃபாதர் டாக்ட்’ என்றிருந்தது.

தேர்வு வந்துவிட்டால் இதெல்லாம் ஒதுங்கும். அதை மறைக்க விரும்பவில்லை. டிசம்பர் தாண்டினால் மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று ஒரு பட்டியல் தயாராகும், அவர்களுக்கு மினிமம் மெட்டீரியல் கொடுத்து 35 வாங்க வைக்க வேண்டும். காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ். மனப்பாடம்தான். வீட்டில் முதல் தலைமுறையாகப் பத்தாவது எழுதும் பிள்ளையை, வாக்கியம் ஊறட்டும் என்று சொல்லித் தேர்வில் தவறவிட எனக்கு மனம் இல்லை. ஆனால் மினிமம் மெட்டீரியலிலேயே எனக்குப் பிடித்த இடங்கள் இருந்தன. ரோடு மேப்பைப் பார்த்து வழி சொல்கிற கேள்வி. ‘கோ ஸ்ட்ரெய்ட்’, ‘டர்ன் லெஃப்ட்’. வினைச்சொல் முதலில் வந்து நிற்கிற வாக்கியம், எழுவாயே வேண்டாம். இதைப் பள்ளியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து பூச்சந்தைக்கு என்று கண்ணைக் கட்டி விட்டுப் பழக்கினேன். பட்டியலில் இருந்த பிள்ளைகள் ஒருவர்கூட அந்தக் கேள்வியை விட்டதில்லை. கலைத்துப் போட்ட வார்த்தைகளை வரிசைப்படுத்துகிற கேள்வியும் அப்படித்தான். தாளில் இருக்கிற வார்த்தைகளுக்குப் பதில் வேப்பமரத்தடியில் யார் யார் எந்த அட்டையோடு எங்கே நின்றார்கள் என்று நினைத்துப் பார்த்து எழுதியதாகச் சொல்வார்கள். ‘எஸ்’ அட்டைப் பிள்ளை வருஷத்துக்கு வருஷம் மாறினாள். அட்டை மட்டும் ஓரம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, நான் ஓய்வுபெறும் வரைக்கும் அதே அட்டை.

கடைசி பத்தாம் வகுப்பு எனக்கு 2019–20இல். இரண்டு தாளாக இருந்த ஆங்கிலம் ஒரே தாளாக மாறிய முதல் வருஷம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பள்ளி மூடியது, தேர்வு தள்ளிப்போனது. ஜூனில் தேர்வே ரத்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு வரி நோட்டை விட்டுவிட எனக்கு மனமில்லை. போன் இருக்கிற வீடுகளுக்குச் சொல்லி, வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வாக்கியம் பேசி அனுப்பச் சொன்னேன். பதினெட்டுப் பேர் அனுப்பினார்கள். வாக்கியத்துக்குப் பின்னால் ஆடு கத்தும், குக்கர் விசில் அடிக்கும், யாரோ “யாருகிட்டடி பேசுற” என்று கேட்பார்கள்.

ஏப்ரல் என்றால் மல்லிகை கொட்டுகிற காலம். கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, சந்தை இல்லை, வண்டி இல்லை. மொக்கு செடியிலேயே விரிந்து, பழுத்து, உதிர்ந்தது. ஒரு காலையில், வகுப்பில் எப்போதும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் குரல் வந்தது.

“டீச்சர், வி ஹேவ் நாட் ப்ளக்ட் தி ஃப்ளவர்ஸ் ஃபார் டென் டேஸ். நோபடி இஸ் பையிங்.”

ஹேவ் நாட் இருந்தது. ஃபார் இருந்தது. இஸ் இருந்தது. நான் இரண்டாம் முறை கேட்டபோது இது எதுவும் காதில் விழவில்லை, பின்னால் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பூ விற்கவில்லை என்றாலும் செடியைக் காயவிட முடியாது. எனக்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியவில்லை. கேள்வி ஒன்றைத்தான் அனுப்பினேன்.

“ஹூ இஸ் வாட்டரிங் தி பிளாண்ட்ஸ்?”

உடனே வந்தது.

“ஐ ஆம், டீச்சர்.”